எறி தவறிய பின்னர்

(கல்லூரியின் நூற்றாண்டை முன்னிட்டுப் பழைய மாணவிகள் சங்கம் அமைத்துக் கொடுத்த கூடைப்பந்தாட்டத் திடலின் கையளிப்பு வைபவத்தில் ஆற்றிய உரை)



இந்த உரையில் 'நான்' என்ற சொல் வராது. 1998 ஆம் ஆண்டு இந்தக் கல்லூரியின் வலைப்பந்தாட்ட அணியில் ஏழு பேர் விளையாடினோம். அவர்களில் ஆறு பேர் சேர்ந்து யோசித்து, வட்ஸ்அப்பில் சண்டை பிடித்து, வெட்டித் திருத்தி எழுதியது இந்த உரை. எங்களுள் வைத்தியம் படித்தவள் ஒருத்திதான் இப்போதும் ஊரில் இருக்கிறாள் என்பதால், ஒலிவாங்கியின் முன் நிற்கும் பொறுப்பு அவளுக்கு வந்தது. ஏழாவது தோழியைப் பற்றிப் பின்னர் சொல்கிறோம். உண்மையில் இந்த உரையே அவளுக்காகத்தான்.

தொழில்முறைக் கூடைப்பந்தாட்ட வீரர்களின் மனப்பாங்கைப் பற்றிப் பேசுமாறு எங்களைக் கேட்டார்கள். வலைப்பந்து விளையாடியவர்களுக்குக் கூடைப்பந்தைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் நினைக்கலாம். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிறிங்பீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்கல்வி ஆசிரியர், பீச் பழம் அடுக்கும் கூடைகள் இரண்டை உடற்பயிற்சிக் கூடத்தின் மேல்தட்டுக் கைப்பிடியில் அறைந்து கூடைப்பந்தாட்டத்தைத் தொடக்கிவைத்தார். சில ஆண்டுகளில் அது இங்கிலாந்துக்குப் போய், அங்கே பெண்களின் கைகளில் வலைப்பந்தாட்டமாக மாறியது. நெய்ஸ்மித் கூடையை அறைந்த பத்து அடி உயரம்தான் இன்றும் இரண்டு ஆட்டங்களின் வளையங்களுக்கும் உயரம். யாழ்ப்பாணத்தின் மகள் தர்ஜினி சிவலிங்கம் உயர்ந்து நின்று எறிந்ததும் அந்தப் பத்து அடி வளையத்துக்குள்தான்.

எங்களுக்குத் தொழில்முறைக் கூடைப்பந்து அறிமுகமானது ரொரன்ரோவில் இருக்கும் எங்கள் தோழியால். 2019 மே மாதம் 12 ஆந் திகதி ரொரன்ரோ றப்ரர்ஸ் அணிக்கும் பிலடெல்பியா அணிக்கும் இடையே ஏழாவது போட்டி. வென்றால் அடுத்த சுற்று, தோற்றால் வீடு. ஆட்டம் முடிய ஏறத்தாழப் பதினொரு விநாடிகள் இருக்கையில் றப்ரர்ஸின் கவாய் லெனார்ட்டுக்கு இரண்டு 'பிறீ துறோ' கிடைக்கிறது. எவரும் மறிக்க முடியாத எறிகள். ஒன்றைப் போடுகிறார். மற்றது தவறுகிறது. மறுபக்கம் ஓடிய பிலடெல்பியா அணி புள்ளிகளைச் சமன் செய்கிறது. மிஞ்சியிருப்பது நான்கு விநாடிகள். பந்து மறுபடியும் சற்று முன் தவறவிட்ட அதே மனிதரின் கைக்கு வருகிறது. மூலைக்கு ஓடி எறிகிறார். பந்து வளையத்தில் நான்கு தடவை துள்ளி உள்ளே விழுகிறது. அடுத்த மாதம் ரொரன்ரோ முதன்முறையாக என்.பி.ஏ. கிண்ணத்தை வென்றது. ஸ்காபறோவில் எங்கள் சனம் தெருவுக்கு இறங்கி ஆடிய கதை உங்களில் பலருக்குத் தெரியும்.

எல்லோரும் அந்த நான்கு துள்ளலைப் பற்றிப் பேசினார்கள். எங்கள் தோழி வேறொன்றை எழுதினாள். "அவர் அண்டைக்கு 39 தரம் எறிஞ்சவர். 23 உள்ள போகேல்ல. கடைசிக்கு முதல் பிறீ துறோவும் போகேல்ல. பிறகும் பந்தை அவரிட்டத்தான் குடுத்தவை. நாங்கள் எண்டால் குடுத்திருப்பமா?"

அந்தக் கேள்விக்கு எங்கள் குழுவில் இரண்டு நாட்களாக ஒருவரும் பதில் எழுதவில்லை. ஏனென்று பின்னர் சொல்கிறோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். மைக்கல் ஜோர்டனின் பெயரைக் கூடைப்பந்து தெரியாதவர்களும் அறிவார்கள். 1978 இல் பத்தாம் வகுப்பில் படித்தபோது அவருடைய பாடசாலையின் முதல் அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. இளையோர் அணியில்தான் விளையாடினார். பின்னாளில் என்.பி.ஏ. பருவப் போட்டிகளில் அவர் வளையத்தை நோக்கி எறிந்தவை 24,537. உள்ளே போனவை 12,192. எஞ்சிய 12,345 எறிகள் தவறிப்போயின. ஆறு கிண்ணங்களை வென்ற மனிதரின் கணக்கு இது. இரண்டுக்கு ஒன்று தவறியிருக்கிறது. பரீட்சையில் நூற்றுக்கு ஐம்பது எடுத்தால் எங்கள் வீடுகளில் அன்றிரவு சோறு இறங்காது. அங்கே ஐம்பது எடுத்தவரை உலகமே கொண்டாடுகிறது. அங்கே தவறுவது ஆட்டத்தின் ஒரு பகுதி. ஆகவே தவறிய பின்னர் என்ன செய்வது என்பதையும் அவர்கள் எறியப் பழகுவதைப் போலவே பழகுகிறார்கள்.

அதைப் பழக முடியாமற் போனால் என்ன நடக்கும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. 1995 ஜூன் மாதம் ஒர்லாண்டோ மஜிக் அணி தன் சொந்தத் திடலில் இறுதித் தொடரின் முதற் போட்டியை விளையாடுகிறது. மூன்று புள்ளிகள் முன்னிலை. பத்து விநாடிகள் அளவில் மீதம். நிக் அண்டர்சன் என்ற நல்ல வீரருக்கு இரண்டு பிறீ துறோ. இரண்டும் தவறுகின்றன. திரும்பி வந்த பந்தை அவரே பிடிக்க, மேலும் இரண்டு கிடைக்கின்றன. அவையும் தவறுகின்றன. எதிரணியான ஹூஸ்ரன் சமன் செய்து, மேலதிக நேரத்தில் வென்று, தொடரையும் நான்குக்குப் பூச்சியமாகக் கைப்பற்றியது. அந்தப் பருவத்தில் நூற்றுக்கு எழுபது என்ற அளவில் போட்டுக்கொண்டிருந்தவர், 1996-97 பருவத்தில் நாற்பதுக்கு இறங்கினார். கை அதே கை. தூரம் அதே பதினைந்து அடி. மாறியது மனம்.

அந்த ஜூன் மாதத்தில் இப்படியொரு ஆட்டம் நடந்ததை நாங்கள் அறியோம். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலம். அதே ஆண்டு ஒக்டோபர் 30 இரவு, ஊரே எழுந்து நடந்தது. சாவகச்சேரிப் பக்கத்தில் மரங்களின் கீழே மாலை நேர வகுப்புகளில் படித்தோம். 1996 இல் திரும்பி வந்தபோது வலைப்பந்துத் திடலில் இடுப்பளவு புல். ஒரு கம்பம் சரிந்து கிடந்தது. புல்லைப் பிடுங்கி, கம்பத்தை நிமிர்த்தி, அதே திடலில் பழகி, 1998 இல் மாவட்ட இறுதிப் போட்டிக்குப் போனோம். போனபோது எங்களுக்கு அது ஒரு கிண்ணம் மட்டுமல்ல. இவ்வளவுக்குப் பிறகும் எங்கள் பள்ளிக்கூடம் இருக்கிறது என்று காட்டப் போனோம்.

ஒரு புள்ளி பின்னால் நிற்கிறோம். முடிவு விசிலுக்கு முன்னர் எங்கள் கோல் ஷூட்டருக்குத் தண்டனை எறி ஒன்று கிடைத்தது. விசில் ஊதிய பின்னரும் அதை எறிய விதி இடம் கொடுக்கும். திடலில் எல்லோரும் நிற்க, அவள் தனியே எறிந்தாள். பந்து வளையத்தைச் சுற்றி வந்து வெளியே விழுந்தது.

அதன் பின் நாங்கள் செய்ததைத்தான் இன்று சொல்ல வந்தோம். நாங்கள் அவளை ஏசவில்லை. ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எங்கள் எங்கள் தோளில் சாய்ந்து நாங்கள் அழுதோம். தட்டிவானில் ஏறினோம். அவள் பின்பக்க ஓரத்தில் போய் இருந்தாள். பக்கத்து இடம் கல்லூரி வாசல் வரை வெறுமையாகவே வந்தது. அடுத்த திங்கள் அவள் திடலுக்கு வரவில்லை. அதன் பிறகு வரவேயில்லை. உயர்தரம் முடிந்து ஆளுக்கொரு திசையில் பிரிந்தோம். பின்னர் குழு அமைத்தபோது "அவளின்ர நம்பர் ஆரிட்டையும் இல்லை" என்று சொல்லிக்கொண்டோம். தேடவில்லை என்பதே உண்மை.

இப்போது தொழில்முறை வீரர்களிடம் திரும்புவோம். அடுத்த முறை ஒரு போட்டியைப் பார்க்கும்போது பிறீ துறோ எறியும் வீரரைப் பார்க்காமல், சுற்றி நிற்பவர்களைப் பாருங்கள். முதல் எறி முடிந்ததும் அணியினர் அவரிடம் வந்து கையைத் தட்டுவார்கள். பந்து உள்ளே போனாலும் தட்டுவார்கள், வெளியே போனாலும் தட்டுவார்கள். சில நேரம் கிட்ட ஒருவரும் இல்லாவிட்டால் எறிந்தவர் காற்றிலேயே கையை நீட்டித் தட்டிவிட்டு அடுத்த எறிக்குத் தயாராவார். பார்க்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். ஆனால் அந்தத் தொடுகையின் பொருள் பெரியது. 'எறி தவறியது, நீ எங்களுக்குத் தவறிப் போகவில்லை' என்பதே அது.

இது வெறும் சம்பிரதாயம்தானா என்று கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்தார்கள். 2008-09 பருவத்தின் தொடக்கப் போட்டிகளில் என்.பி.ஏ. யின் 30 அணிகளிலும் வீரர்கள் ஒருவரையொருவர் எத்தனை தடவை தொடுகிறார்கள் என்று எண்ணினார்கள். தொடக்கத்தில் அதிகம் தொட்டுக்கொண்ட அணிகள் பருவத்தின் பிற்பகுதியில் நன்றாக விளையாடியிருந்தன. 2010 இல் அந்த ஆய்வு வெளிவந்தது. தொட்டதால்தான் வென்றார்கள் என்று வைத்தியக் கல்வி பயின்றவர்கள் அவசரப்பட்டுச் சொல்ல மாட்டோம். ஆனால் ஒருவரையொருவர் நம்பும் அணியைக் கைகளிலேயே காணலாம் என்பது விளங்குகிறது.

இரண்டாவது பாடம், தவறை மறைக்காமல் எடுத்துப் பார்ப்பது. சான் அன்ரோனியோ ஸ்பேர்ஸ் அணியின் ரிம் டங்கன், கரிபியன் தீவொன்றில் நீச்சல்காரனாக வளர்ந்தவர். 1989 இல் சூறாவளி நீச்சல் தடாகத்தை அழித்தது. அடுத்த ஆண்டு, அவருக்குப் பதினான்கு வயது நிறைவதற்கு முதல் நாள், தாயார் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். பட்டம் பெறுவேன் என்று தாயாருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற, பணம் அழைத்தபோதும் போகாமல் நான்கு ஆண்டுகள் படித்து முடித்த பின்னரே 1997 இல் தொழில்முறை அணிக்குப் போனார். பெற்றோரே, விளையாட்டும் படிப்பும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

2013 இறுதித் தொடரின் ஆறாவது போட்டியில் முப்பது விநாடிக்கும் குறைவான நேரம் இருக்க ஐந்து புள்ளிகள் முன்னிலையில் நின்ற அவரது அணி, அதைக் கைநழுவ விட்டது. ஏழாவது போட்டியின் கடைசி நிமிடத்தில், வளையத்தின் கீழே நின்று எறிந்த எளிய எறியை டங்கன் தவறவிட்டார். தரையில் கையால் அறைந்தார். கிண்ணம் மயாமிக்குப் போனது. அடுத்த பருவத்துக்கான பயிற்சி தொடங்கியபோது பயிற்றுநர் கிரெக் பொப்போவிச் அந்தத் தோல்வியின் ஒளிப்பதிவை எல்லோரையும் ஒன்றாக இருத்திப் பார்க்க வைத்தார். ஒருவரைக் குற்றவாளியாக்கப் போடப்பட்ட படம் அல்ல அது. 2014 இல் அதே மயாமியை மீண்டும் சந்தித்து, நான்குக்கு ஒன்றாக வென்றார்கள். வென்ற நான்கு போட்டிகளிலும் குறைந்தது பதினைந்து புள்ளிகள் வித்தியாசம்.

எங்கள் வைத்தியத் தொழிலிலும் இப்படியொரு நடைமுறை உண்டு. இலங்கையில் ஒரு தாய் பிரசவத்தோடு இறந்தால் அது அறிவிக்கப்பட்டு மீளாய்வு செய்யப்படும். யார் என்று கேட்பதற்கல்ல, எங்கே, எதனால், இனி எப்படித் தடுப்பது என்று கேட்பதற்கு. எங்கள் அணியில் வைத்தியரானவள், உள்ளகப் பயிற்சியின் தொடக்க வாரங்களில் ஓர் இரவு, குருதிப்பெருக்கால் ஒரு தாய் இறந்தபோது அந்தக் கட்டிலின் பக்கத்தில் நின்றாள். எல்லோரும் செய்யவேண்டியதைச் செய்தார்கள். ஆனாலும் தாய் போய்விட்டாள். நடைபாதையில் சுவரோடு ஒட்டி நின்றவளிடம் வயதான மருத்துவமாது ஒருவர் வந்து, முதுகில் கையை வைத்து, "பிள்ளை, முகத்தைக் கழுவிப்போட்டு வாங்கோ. அடுத்த பிள்ளை வரப்போகுது" என்றார். அந்தக் கை இல்லாதிருந்தால் அவள் இன்று வைத்தியராக இருந்திருப்பாளோ தெரியாது. அந்த இரவில்தான், தட்டிவானில் வெறுமையாக வந்த இடம் அவளுக்கு நினைவுக்கு வந்தது.

மூன்றாவது பாடம், இயலாது என்று வாய்திறந்து சொல்வது. 2017 நவம்பரில் கிளீவ்லாந்து அணியின் கெவின் லவ், ஆட்டத்தின் நடுவே நெஞ்சு படபடத்து, மூச்சு எடுக்க முடியாமல் திடலைவிட்டு வெளியேறினார். வைத்தியப் பரிசோதனைகளில் உடலில் ஒரு கோளாறும் இல்லை. வந்தது மனப்பதற்றத்தின் தாக்கம். 2018 பெப்ரவரியில் டிமார் டிரோசன் என்ற வீரர் தன் மனச்சோர்வைப் பற்றி வெளிப்படையாகப் பேசியதைக் கண்டு, மார்ச்சில் கெவின் லவ்வும் தன் கதையை எழுதினார். ஆறரை அடிக்கு மேற்பட்ட மனிதர் தனக்கும் பயம் வருகிறது என்று எழுதியபோது, எத்தனையோ பேர் தங்கள் பயத்தைச் சொல்லத் துணிந்தார்கள்.

பிள்ளைகளே, பரீட்சைக் காலத்தில் நெஞ்சு படபடக்கிறது, நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்று உங்கள் வயதுப் பிள்ளைகள் எங்களிடம் வருகிறார்கள். இரத்தத்தைச் சோதித்துவிட்டு "ஒண்டுமில்லை" என்று அனுப்பிவிட்டால் அது அரை வைத்தியம். ஒன்றுமில்லாமல் எவருக்கும் நெஞ்சு படபடக்காது. சொல்லுங்கள். அம்மாவிடம், ஆசிரியையிடம், அக்காமாரிடம் சொல்லுங்கள். கேட்கும் பொறுப்பு எங்களுடையது.

கடைசியாக ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். மாயா மூர், மினசோட்டா லிங்ஸ் அணியோடு 2011, 2013, 2015, 2017 ஆகிய ஆண்டுகளில் நான்கு கிண்ணங்கள் வென்றவர். 2019 இல், முப்பது வயதுகூட நிறையாத நிலையில், விளையாட்டிலிருந்து விலகினார். காயம் இல்லை. பதினாறு வயதில் கைதாகி, ஐம்பது ஆண்டுகள் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்த ஜொனதன் அயன்ஸ் என்பவர் குற்றமற்றவர் என்று நம்பி, அவருக்காகப் போராடப் போனார். 2020 மார்ச்சில் தீர்ப்பு இரத்தானது. ஜூலை முதலாந் திகதி அவர் வெளியே வந்தார். மாயா மூர் மீண்டும் விளையாட வரவில்லை. திடலில் பழகிய கை, திடலுக்கு வெளியே விழுந்து கிடந்த ஒருவரிடம் நீண்டது. விளையாட்டால் ஒரு மனிதருக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய பரிசு இந்தப் பழக்கம்தான் என்று நாங்கள் நினைக்கிறோம்.

ரொரன்ரோத் தோழி கேட்ட கேள்விக்கு இரண்டு நாட்களின் பின் எங்கள் குழுவில் ஒருத்தி பதில் எழுதினாள். "குடுத்திருக்க மாட்டம். குடுக்கவுமில்லை." அதன் பிறகுதான் ஏழாவது தோழியைத் தேடத் தொடங்கினோம். தேட வேண்டும் என்று நினைத்த பிறகு அதற்கு நான்கு நாட்கள்கூட எடுக்கவில்லை. அவள் நலமாக இருக்கிறாள். பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆறு பேரும் ஒன்றாகத் திரையில் தோன்றி மன்னிப்புக் கேட்டபோது அவள் சிரித்தாள். "எறி தவறினது எனக்கு இப்ப நினைவே இல்லையடி. ஆனா அண்டைக்குத் தட்டிவானில ஆராவது எனக்குப் பக்கத்தில வந்து இருந்திருக்கலாம்" என்றாள்.

அவள் இன்றைய விழாவுக்கு வரவில்லை. குழுவில் சேரச் சொல்லி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். யோசித்துச் சொல்கிறேன் என்கிறாள். அவசரம் இல்லை, இடம் வைத்திருக்கிறோம் என்று சொல்லியிருக்கிறோம். இந்த உரையை மலரில் அச்சிடுவதற்கு முன் அவளுக்கு அனுப்பி, அவளுடைய சம்மதத்தையும் பெற்றோம். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

எனவே இந்தத் திடலைக் கையளிக்கும்போது மூன்று வேண்டுகோள்களையும் சேர்த்துக் கையளிக்கிறோம்.

பெற்றோரிடம்: சாதாரண தரப் பரீட்சை வருகிறது, ரியூசன் இருக்கிறது என்று பத்தாம் வகுப்போடு பிள்ளைகளைத் திடலிலிருந்து இறக்கிவிடாதீர்கள். தோற்றுப்போகவும், மறுநாள் எழுந்து வரவும் பழகுவதற்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை. வாழ்க்கையில் அந்தப் பாடம் வரும்போது விலை அதிகம்.

பிள்ளைகளிடம்: இந்தத் திடலில் ஒரு வழக்கத்தைத் தொடக்கிவையுங்கள். எறி உள்ளே போனாலும் வெளியே போனாலும், போய் அவளுடைய கையைத் தட்டுங்கள். வீடு திரும்பும்போது பக்கத்தில் இருங்கள்.

உலகெங்கும் பரந்து வாழும் பழைய மாணவிகளிடம்: உங்கள் வகுப்புக் குழுவில் இல்லாத ஒருத்தி நிச்சயம் இருப்பாள். பரீட்சையில் தவறியவள், திருமணம் சரிவராதவள், போரில் வீட்டாரை இழந்து பேச்சை நிறுத்திக்கொண்டவள், யாரோ ஒருத்தி. அவளுடைய இலக்கம் உங்களிடம் இல்லை என்று சொல்லாதீர்கள். தேடுங்கள். நூறு ஆண்டு கண்ட எங்கள் கல்லூரி அன்னைக்கு நாங்கள் சூட்டக்கூடிய நல்ல மாலை அதுவாகவே இருக்கும்.